பல்லவி எங்கே? – பியானோ சொனாட்டாவின் கதை

கடற்கரையில் வாழ்வோருக்கு இரு காட்சிகள் நாள்தோறும் பழகியவை. ஒன்று, வள்ளம் கரையை விட்டுச் செல்வது. மற்றொன்று, அது கரைக்கு மீள்வது. சிலாபத்திலிருந்து உடப்பு, கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் எமது புத்தளம் மாவட்டக் கரையிலே இவ்விரண்டும் நடைபெறாத நாள் அரிது. சென்ற வள்ளமே மீண்டு வருகின்றது. சென்ற மனிதரே மீண்டு வருகின்றனர். ஆயினும் சென்றபோது இருந்த நிலையும் மீண்டபோது இருக்கும் நிலையும் ஒன்றல்ல என்பதை, விடியற்காலையில் கரையில் காத்து நிற்கும் பெண்களின் முகத்தைப் பார்த்தவர் அறிவர்.

பியானோ இசையைப் பற்றி எழுதப் புகுந்த நாம் வள்ளத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அதனை வாசகர்கள் போகப் போக உணர்வார்கள்.

சில மாதங்களுக்கு முன், ஒரு போயா விடுமுறை நாளன்று, எமது மாணவி ஒருத்தி இல்லத்துக்கு வந்திருந்தாள். கர்நாடக சங்கீத முறையில் வயலின் பயில்பவள். தமையனுடைய கைபேசியை நீட்டி, “இதைக் கொஞ்சம் கேளுங்கள், சேர்” என்றாள். பீத்தோவனின் ‘நிலவொளி’ சொனாட்டா ஒலித்தது. கேட்டு முடித்தோம். “மிகவும் நன்றாக இருக்கிறது, சேர். ஆனால் இதில் பல்லவி எங்கே?” என்று அவள் வினவினாள்.

நாம் வரலாறு கற்பிப்பவர். சங்கீதத்தில் கேள்வி ஞானம் உண்டேயன்றிப் பயிற்சி இல்லை. “விடை நாளைக்குச் சொல்கிறோம்” என்று கூறி அனுப்பிவிட்டோம். அந்த ‘நாளை’ பல மாதங்களாக நீண்டது. நூல்களைப் புரட்டியும், இசைப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டும் நாம் அறிந்துகொண்டதை இங்கே தருகின்றோம்.

பெயரும் பொருளும்

‘சொனாட்டா’ என்பது இத்தாலியச் சொல். ‘ஒலித்தல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. வாயாற் பாடப்படுவது ‘கன்டாட்டா’. கருவியில் வாசிக்கப்படுவது ‘சொனாட்டா’. 17ஆம் நூற்றாண்டிலே இப்பெயருக்கு இதற்கு மேலான பொருள் இருந்ததாகச் சொல்ல முடியாது. நாளடைவில், மூன்று அல்லது நான்கு பகுதிகளைக் கொண்டு, தனிக் கருவிக்காகவோ இரண்டொரு கருவிகளுக்காகவோ எழுதப்படும் இசைப் படைப்பை அது குறிக்கலாயிற்று. பொதுவாக முதற் பகுதி விரைவாகவும், இரண்டாவது சாவதானமாகவும், இறுதிப் பகுதி மீண்டும் விரைவாகவும் அமையும்.

இங்கே மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ‘சொனாட்டா’ என்பது முழுப் படைப்பின் பெயர். ‘சொனாட்டா வடிவம்’ என்பதோ அதன் ஒரு பகுதிக்குள்ளே, பெரும்பாலும் முதற் பகுதிக்குள்ளே, இசை நடந்து செல்லும் வழியின் பெயர். வீடு வேறு, வீட்டின் கூடம் வேறு என்பது போன்றது இது. சொனாட்டா வடிவத்தில் ஒரு பகுதிகூட இல்லாத சொனாட்டாவும் உண்டு. ‘துருக்கிய நடை’ என்று உலகெங்கும் பெயர்பெற்ற இறுதிப் பகுதியை உடைய மொஸார்ட்டின் ஏ மேஜர் சொனாட்டா அத்தகையது. சிம்பொனியிலும், நால்வர் கூடி வாசிக்கும் தந்திக் கருவிப் படைப்புகளிலும் சொனாட்டா வடிவம் பயின்று வருவதும் இதனாலேயே.

கருவி

நாம் பியானோவை முதன்முதலிற் கண்டது சிறு பிராயத்தில், சிலாபத்தை அடுத்த ஒரு தென்னந்தோட்டப் பங்களாவில். உப்புக் காற்றில் தந்திகள் துருவேறி, மரம் ஈரத்தில் ஊதி, பாதிக் கட்டைகள் ஊமையாகிக் கிடந்தன. ஒரு கட்டையை மெதுவாக அழுத்தினோம். மெல்லிய ஓசை எழுந்தது. வன்மையாக அழுத்தினோம், கூடமே அதிர்ந்தது. வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். பியானோவின் இரகசியம் முழுவதும் அந்த இரண்டு அழுத்தல்களில் அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பியானோவுக்கு முன் ஐரோப்பாவில் ஆட்சி செலுத்திய ஹார்ப்சிகோர்ட் என்னும் கருவியில், கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முள் தந்தியைச் சுண்டும். வீணையின் தந்தியை விரல் மீட்டுவது போன்றதுதான். ஆனால் வீணையில் விரலின் வேகத்துக்கேற்ப ஒலி ஏறி இறங்கும். அந்தக் கருவியிலோ மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்து அரண்மனையில் கருவிகளைப் பேணி வந்த பார்ட்டோலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர், 1700ஆம் ஆண்டளவில் முள்ளை நீக்கிச் சுத்தியலை வைத்தார். சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு உடனே பின்வாங்கும். தந்தி தடையின்றி ஒலிக்கும். விரலின் வன்மை மென்மை முழுவதும் ஒலியில் வந்து சேரும். ‘பியானோ’ என்றால் மென்மை. ‘ஃபோர்ட்டே’ என்றால் வன்மை. இரண்டும் கூடிய ‘பியானோஃபோர்ட்டே’ என்பதே நாளடைவில் ‘பியானோ’ எனச் சுருங்கிற்று. கிறிஸ்தோஃபோரி செய்தவற்றுள் 1720, 1722, 1726ஆம் ஆண்டுகளுக்குரிய மூன்று கருவிகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன.

ஒலியில் ஏற்ற இறக்கம் கைவந்தவுடன், கருவி ஒன்றே இரு பாத்திரங்களாகப் பேசும் ஆற்றல் பெற்றது. ஒரு குரல் அதட்டலாம். மறு குரல் இறைஞ்சலாம். சொனாட்டா வடிவம் தழைப்பதற்கு இதைவிட ஏற்ற நிலம் வேறு வேண்டுமோ?

வீட்டு விளக்கும் வெளிக்கடலும்

இனி வடிவத்துக்கு வருவோம். நமது சங்கீதத்தில் தம்புரா தொடக்கம் முதல் முடிவு வரை ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பாடகர் எத்துணை தூரம் கற்பனையில் உலாவினாலும் வீட்டு விளக்கு அவர் கண்ணை விட்டு மறைவதில்லை. புத்தளம் களப்பில் மீன்பிடிப்பவனுக்கு எப்பக்கம் திரும்பினாலும் கரை தெரிவது போன்ற நிலை அது. சொனாட்டா இயற்றுபவரோ கரை மறையும் தூரத்துக்குப் போகிறார். அதாவது, ஷட்ஜத்தையே மாற்றிவிடுகிறார்.

இதனைச் சங்கீதம் பயிலும் மாணவர்களுக்கு எளிதில் விளக்கலாம். மேனாட்டாரின் மேஜர் ஸ்வர வரிசை நமது சங்கராபரணமே. அவர்களுடைய மைனர் வரிசை நடபைரவி. அதன் ஒரு வகை கீரவாணி. சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஷட்ஜமாகக் கொண்டு, அங்கிருந்து புதிதாக ஒரு சங்கராபரணம் பாடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்வரங்களில் ஒன்றே ஒன்றுதான் மாறும். ஆனால் நிற்கும் நிலம் முழுவதும் மாறிவிடும். நமது வித்துவான்கள் கிரகபேதம் செய்யும்போது கணப்பொழுது மின்னலாகக் காட்டி மறைப்பதை, மேனாட்டார் கட்டடத்தின் தூணாகவே நிறுத்தினர்.

சொனாட்டா வடிவத்தின் வழி மூன்று கட்டங்களை உடையது. முதலாவது கட்டத்தை எடுத்துரைப்பு எனலாம். முதற் கருப்பொருளாகிய இசைத்தொடர் வீட்டு ஷட்ஜத்தில் ஒலிக்கும். பின்னர் ஒரு பாலம். பாலத்தைக் கடந்ததும் ஷட்ஜம் மாறிவிடும். இரண்டாவது கருப்பொருள் அந்தப் புதிய நிலத்தில் பிறக்கும். மேஜரில் அமைந்த படைப்பானால் அந்நிலம் பெரும்பாலும் பஞ்சமமாக இருக்கும். இக்கட்டம் முழுவதையும் இருமுறை வாசிப்பது பழைய வழக்கம். கேட்பவர் மறவாதிருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது கட்டம் விரிவு. கேட்ட இசைத்தொடர்கள் இங்கே துண்டாடப்படும். ஷட்ஜம் நிலைகொள்ளாது அலையும். இது வெளிக்கடல். மூன்றாவது கட்டம் மீட்சி. முதற் கருப்பொருள் மீண்டும் வீட்டு ஷட்ஜத்தில் வரும். அதனைத் தொடர்ந்து இரண்டாவது கருப்பொருளும் வரும். ஆனால் இம்முறை அது அயல் நிலத்தில் நில்லாமல் வீட்டுக்கு வந்து பாடும். அயலூரிற் கேட்ட குரலை நமது முற்றத்திலேயே கேட்கும் அந்தக் கணந்தான் இவ்வடிவத்தின் உயிர்நிலை. சிலவேளை இதன் பின் ஒரு வாலும் சேர்ந்து, செய்தியை முடித்து வைக்கும்.

வளர்ந்த வரலாறு

இவ்வடிவத்தை ஒருவர் ஒருநாளிற் கண்டுபிடித்தாரல்லர். அதன் வேர் பழைய நடன இசையில் இருக்கிறது. நடன இசை இரு பாதிகளைக் கொண்டது. முதற் பாதி வீட்டிலிருந்து அயலுக்குச் செல்லும், மறு பாதி அயலிலிருந்து வீட்டுக்கு மீளும். நேப்பிள்ஸ் நகரிற் பிறந்து, லிஸ்பனிலும் பின்னர் ஸ்பெயினிலும் போர்த்துக்கல் நாட்டு இளவரசி மரியா பார்பராவுக்கு இசையாசிரியராக விளங்கிய டொமெனிக்கோ ஸ்கார்லட்டி (1685–1757) இயற்றிய 555 சொனாட்டாக்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இருபாதி அமைப்பிலேயே உள்ளன. மறு பாதி நீண்டு, இடையில் அலைச்சலும் இறுதியில் தெளிவான மீட்சியும் வந்து சேர்ந்தபோது சொனாட்டா வடிவம் உருவாயிற்று.

பேரறிஞர் பாக்கின் மைந்தரான கார்ல் பிலிப் இமானுவேல் பாக் (1714–1788) இதில் உணர்ச்சியின் திடீர்த் திருப்பங்களைப் புகுத்தினார். ஜோசப் ஹைடன் (1732–1809) ஐம்பதுக்கு மேற்பட்ட சொனாட்டாக்களை எழுதி வடிவத்துக்குக் கட்டுக்கோப்பைத் தந்தார். அக்காலத்துச் சொனாட்டாக்கள் பெரும்பாலும் வீட்டுக் கூடங்களில் வாசிக்கப்பட்டன. வாசித்தவர்களிற் பெண்கள் மிகப் பலர். 1780ஆம் ஆண்டு வெளிவந்த தமது ஆறு சொனாட்டாக்களை ஹைடன் வியன்னாவிலிருந்த ஔவன்புருக்கர் சகோதரியர் இருவருக்குக் காணிக்கையாக்கினார். நமது வீடுகளில் மாலை வேளையிற் பெண்பிள்ளைகள் வீணை பயின்ற மரபை இது நினைவூட்டுகின்றது.

மொஸார்ட் (1756–1791) தமது 18 பியானோ சொனாட்டாக்களில் வடிவத்துக்கு மனித முகத்தைத் தந்தார். அவற்றுள் ஒன்றை மாத்திரம் இங்கே எடுத்துக்காட்டுவோம். 1778ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவர் இயற்றிய ஏ மைனர் சொனாட்டா அது. அவ்வாண்டு ஜூலை மாதம் 3ஆந் தேதி அவருடைய தாயார் அந்நகரிலேயே காலமானார். இதன் முதற் பகுதியில் முதற் கருப்பொருள் மைனரில் கடுமையாக ஒலிக்கின்றது. இரண்டாவது கருப்பொருள் சி மேஜரில் மகிழ்ச்சியுடன் ஓடுகின்றது. நமது கணக்கிற் சொன்னால், நடபைரவியின் காந்தாரத்தை ஷட்ஜமாகக் கொண்டு சங்கராபரணம் பிறக்கின்றது. பின்னர் மீட்சி வருகின்றது. மகிழ்ந்து ஓடிய அதே தொடர் இப்போது வீட்டு ஷட்ஜத்தில், மைனரில் வருகின்றது. நடை அதேதான், முகம் வாடிவிட்டது. வெளியூரில் சிரித்துப் பேசிய பிள்ளை வீட்டு வாசலை மிதித்ததும் குரல் தழுதழுப்பதை நாம் கண்டதில்லையா?

காவிரியும் டான்யூபும்

இக்காலத்திற் காவிரிக்கரையில் நடந்தது என்ன என்பதையும் நமது மாணவர்கள் அறிய வேண்டும். டான்யூப் நதிக்கரையில் வியன்னா மூவர் ஹைடன், மொஸார்ட், பீத்தோவன். காவிரி நாட்டில் திருவாரூர் மூவர் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள். சியாமா சாஸ்திரிகள் மறைந்த 1827ஆம் ஆண்டிலேயே பீத்தோவனும் மறைந்தார். கம்பெனிப் பட்டாளத்தாரின் வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுக்களைக் கேட்ட தீட்சிதர், அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். ‘நோட்டு ஸ்வரம்’ எனப்படும் அவை யாவும் சங்கராபரணத்தில் அமைந்தவை. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் அரண்மனையில் மேனாட்டு வாத்தியக் குழுவும் இருந்தது. வயலினோ, முத்துசுவாமி தீட்சிதரின் இளவலான பாலுசுவாமி தீட்சிதரின் கைபட்டு நமது கச்சேரி மேடைக்கே உரியதாகிவிட்டது.

மெட்டு வந்தது, கருவி வந்தது. சொனாட்டா வடிவம் மாத்திரம் வரவில்லை. தம்புரா ஒலிக்கும் மேடையில் ஷட்ஜம் இடம் பெயர இயலாது என்பதே காரணம் என நாம் கருதுகின்றோம். இதனால் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதற்கில்லை. வீட்டிலிருந்தபடியே உலகை அளப்பதும் ஒரு வித்தை. உலகைச் சுற்றிவிட்டு வீட்டைக் காண்பதும் ஒரு வித்தை.

பீத்தோவன்

1792ஆம் ஆண்டு பொன் நகரை விட்டு வியன்னாவுக்குச் சென்ற லூட்விக் வான் பீத்தோவன் (1770–1827) ஹைடனிடம் பாடங் கேட்டார். 1796இல் வெளியிட்ட முதல் மூன்று சொனாட்டாக்களை ஆசிரியருக்கே காணிக்கையாக்கினார். 1822இல் முடித்த இறுதிச் சொனாட்டா வரை அவர் இலக்கமிட்டு வெளியிட்டவை 32. இடைப்பட்ட காலத்தில் அவருடைய செவி சிறிது சிறிதாக அடைபட்டது. 1802ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஹைலிகன்ஸ்டாட் என்னும் சிற்றூரிலிருந்து தம்பியர்க்கு எழுதிய கடிதத்தில், வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்றதையும், கலையே தம்மைத் தடுத்து நிறுத்தியதையும் அவர் எழுதியிருக்கிறார். அக்கடிதத்தை அவர் அனுப்பவில்லை; மறைந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது.

‘நிலவொளி’ சொனாட்டா 1801ஆம் ஆண்டுக்குரியது. நிலவொளி என்ற பெயர் பீத்தோவன் இட்டதன்று. அவர் இட்டது ‘கற்பனைப் போக்கில் அமைந்த சொனாட்டா’ என்பதே. வழக்கமாக முதலில் வரவேண்டிய விரைவான பகுதியை இறுதிக்குத் தள்ளிவிட்டு, சாவதானமான பகுதியை முன்னால் வைத்தார். எமது மாணவி கேட்டது அந்த முதற் பகுதியை மாத்திரமே. சொனாட்டா வடிவத்தின் முழு வேகமும் மூன்றாவது பகுதியிற் புயலாக வீசுகின்றது. அதில் இரண்டாவது கருப்பொருளும் மைனரிலேயே பிறந்து மைனரிலேயே வீடு திரும்புகின்றது; சங்கராபரணத்தின் ஆறுதல் அங்கே நிலைப்பதேயில்லை.

விரிவுக் கட்டத்தையும் இறுதி வாலையும் பீத்தோவன் மிகப் பெரிதாக வளர்த்தார். கடல் பெரிதாகப் பெரிதாகக் கரையின் அருமையும் பெரிதாயிற்று. இறுதிச் சொனாட்டாவில் இரண்டே பகுதிகள்: முதலாவது சி மைனரிற் கொந்தளிக்கின்றது, இரண்டாவது சி மேஜரில் ஓர் எளிய மெட்டை எடுத்து மேன்மேலும் மாற்றி விரித்து அமைதியில் அடங்குகின்றது. ஷட்ஜம் மாறவில்லை, ராகம் மாறிவிட்டது. வீடு அதே வீடு. அதில் வாழ்பவரின் மனம் வேறாகிவிட்டது.

இவர்கள் எவரும் சூத்திரத்தை முன்வைத்து இசை எழுதவில்லை. இவ்வடிவத்துக்கு இலக்கணம் வகுத்துப் பெயர் நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் அடோல்ஃப் பெர்ன்ஹார்ட் மார்க்ஸ் என்னும் ஜெர்மானிய ஆசிரியர். பொதுவுடைமை கண்ட கார்ல் மார்க்ஸ் வேறொருவர். இவர் நூல் 1840களில் வந்தது. பீத்தோவன் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். இலக்கியத்தின் பின்னரே இலக்கணம் என்று நம் முன்னோர் சொன்னது இங்கேயும் பொருந்துகின்றது.

முதற் கருப்பொருள் திரும்பாதபோது

இவ்வாறு நாம் கற்றதை ஒரு மாலை எமது மாணவர்கள் சிலருக்கு ஒலிபெருக்கி வைத்துக் கேட்பித்தோம். வயலின் பயிலும் மாணவியும் இருந்தாள். இறுதியாக ஷோப்பானின் பி பிளாட் மைனர் சொனாட்டாவின் முதற் பகுதியை ஒலிக்கச் செய்தோம். இதன் மூன்றாவது பகுதியாகிய இறுதி ஊர்வல இசை உலகப் பிரசித்தமானது.

போலந்து நாட்டவரான ஷோப்பான் 1830ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில், தமது 20ஆவது வயதில், வார்சாவை விட்டுப் புறப்பட்டார். அம்மாத இறுதியில் அங்கே ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது; அது அடக்கப்பட்டது. 1849இல் பாரிஸில் மறையும்வரை அவர் தாயகம் திரும்பவேயில்லை. 1840இல் வெளியான இந்தச் சொனாட்டாவின் முதற் பகுதியில் ஒரு புதுமை உண்டு. மீட்சிக் கட்டம் வரும்போது முதற் கருப்பொருள் வருவதில்லை. இரண்டாவது கருப்பொருள் மாத்திரமே வீட்டு ஷட்ஜத்தில் வந்து, மேஜரில் அமைதியுடன் பாடுகின்றது. விரிவுக் கட்டத்தில் முதற் கருப்பொருள் மிகுதியாக ஆளப்பட்டுவிட்டமையால் அதனை மீண்டும் கூறவில்லை என்று இசை நூலார் காரணம் கூறுவர். அவருடைய வாழ்க்கையே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. நடந்ததை மாத்திரம் மாணவர்களுக்குச் சொன்னோம்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் மெல்ல வாய் திறந்தான். அவன் குடும்பத்தின் வேர் மன்னார் மாவட்டத்தில். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 70,000க்கு மேற்பட்ட மக்கள் சில நாட்களுக்குள் வீடு வாசலைத் துறந்தனர். மன்னாரிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவனுடைய தந்தையாருக்கு அப்போது பன்னிரண்டு வயது.

“சண்டை முடிந்த பிறகு வாப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார், சேர்” என்றான் அவன். “வீடு இல்லை. சுவர்கூட இல்லை. கிணறு மட்டும் இருந்தது. வாப்பா ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்த்தார். தண்ணீர் அதே தண்ணீர்தான் என்று சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.”

நாமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தகுதியும் எமக்கில்லை. எமது மொழியைப் பேசியவர்களே எமது மொழியைப் பேசியவர்களைத் துரத்தினர் என்னும் உண்மையை வகுப்பறையில் பாடமாகக் கூறியிருக்கின்றோம். அன்று அது பாடமாக இருக்கவில்லை. வயலின் பயிலும் மாணவி கைபேசியை எடுத்து, அந்த இரண்டாவது கருப்பொருள் திரும்பி வரும் இடத்தைத் தேடி மறுபடி ஒலிக்கச் செய்தாள். அந்த மாணவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

எமக்கு உரியதா?

“இந்த அயல்நாட்டுச் சங்கீதம் நமக்கெதற்கு?” என்று கேட்கும் அன்பர்கள் இருக்கலாம். எமது மாவட்டத்தைச் சற்று எண்ணிப் பார்க்குமாறு அவர்களை வேண்டுகின்றோம். உடப்பிலே கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டும், ஆடி மாதத்தில் திரௌபதையம்மன் கோயிலின் தீமிதி விழா வாத்தியமும் ஒலிக்கின்றன. தலவில் அன்னம்மாள் தேவாலயத்தில் துதிப்பாடல் எழுகின்றது. புத்தளம் நகரில் ஐவேளையும் பாங்கொலி கேட்கின்றது. நகரை அடுத்த சிரம்பையடியில், ஆபிரிக்காவிலிருந்து முன்னொரு காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர், போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் ‘மஞ்சா’ பாடுகின்றனர். இவற்றுள் எது அயல், எது உள்ளூர்? கடல் கொண்டுவந்து சேர்த்ததைக் கரை தனதாக்கிக் கொள்கின்றது.

பியானோ வாங்க வேண்டியதில்லை. கைபேசியும் ஒரு மணி நேர அமைதியும் போதும். பெற்றோர் பிள்ளைகளுடன் அமர்ந்து, முதலில் மொஸார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, கோஹெல் பட்டியலில் 545ஆம் இலக்கம், அதன் முதற் பகுதியைக் கேளுங்கள். தொடக்க மாணவருக்கென 1788இல் எழுதப்பட்ட எளிய படைப்பு அது. கேட்கும்போது முதல் ஷட்ஜத்தை வாய்க்குள் முனகிக்கொண்டே இருங்கள். உங்கள் முனகலும் பியானோவும் எங்கே ஒட்டாமற் போகின்றனவோ, அங்கே வள்ளம் கரையை விட்டுவிட்டது என்று அறியலாம். அதிற் குறும்பு ஒன்றும் உண்டு: முதற் கருப்பொருள் திரும்பும்போது நேரே வீட்டுக்கு வராமல் மத்திமத்தை ஷட்ஜமாகக் கொண்டு அயல் வீட்டில் இறங்கும், பின்னரே வீடு சேரும். அடுத்து அதே பட்டியலின் 310ஆம் இலக்கமாகிய ஏ மைனர் சொனாட்டாவையும், ‘நிலவொளி’யின் மூன்றாம் பகுதியையும் கேளுங்கள். ஷோப்பானைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சுருதி சுத்தமாகக் கேட்கப் பழகிய செவி இதற்கு ஏற்ற செவி. பல தலைமுறையாகத் தம்புரா நமக்குத் தந்த செல்வம் அது.

மாணவிக்குத் தரவேண்டியிருந்த விடையையும் இப்போது கொடுத்துவிட்டோம். நமது கீர்த்தனையில் பல்லவிக்குப் பன்முறை திரும்புகின்றோம். அது எங்கும் போய்விடாது. சொனாட்டாவில் திரும்புவது ஒருமுறை. சிலவேளை அதுவும் முழுமையாகக் கிட்டுவதில்லை. அவள் சிறிது யோசித்துவிட்டு, “அப்படியென்றால் கிணறுதான் பல்லவியா, சேர்?” என்றாள்.

அதற்கும் விடை நாளைக்குச் சொல்வதாகக் கூறியிருக்கின்றோம்.